75 அடி: பொட்டோமாக் ஆற்றின் மேல் ஒரு ஹெலிகாப்டர் பாதை

2025 ஜனவரி 29, புதன்கிழமை இரவு. வாஷிங்டன் ரீகன் நேஷனல் விமான நிலையத்துக்கு அருகே வானம் தெளிவாக இருந்தது. மணி 8:48-ஐ நெருங்கும்போது, கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து 64 பேருடன் வந்த பிஎஸ்ஏ ஏர்லைன்ஸ் 5342 ஓடுபாதை 33-ல் இறங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு சிஆர்ஜே 700 ஜெட். அதே நேரத்தில் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று மூன்று வீரர்களுடன் பொட்டோமாக் ஆற்றங்கரையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஓடுபாதைக்கு ஏறக்குறைய அரை மைல் முன்னால், தரையிலிருந்து சுமார் 300 அடி உயரத்தில் இரண்டும் மோதி ஆற்றில் விழுந்தன. 67 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விச்சிட்டாவில் பயிற்சி முகாம் முடித்துத் திரும்பிய பனிச்சறுக்கு நடனச் சிறுவர் சிறுமியரும் அவர்களது பெற்றோரும் இறந்தவர்களில் இருந்தார்கள். 2001-க்குப் பிறகு அமெரிக்கப் பயணிகள் விமானச் சேவை இத்தனை பெரிய உயிரிழப்பைக் கண்டதில்லை.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடத்தைத்தான் பேசுகிறோம். ஹெலிகாப்டர் விமானி ஏன் பார்க்கவில்லை, கட்டுப்பாட்டாளர் ஏன் இன்னும் கறாராகச் சொல்லவில்லை என்ற கேள்விகள் அவை. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்திய விஷயம் வேறு. ஹெலிகாப்டரையும் ஜெட்டையும் பிரித்து வைக்கிற ஏற்பாடு என்று அங்கே ஒன்று உண்மையில் இருந்ததா? வரைபடத்தில் ஒரு கோடும் ஓர் உயர வரம்பும் இருந்தன. மற்றது எல்லாம் கண்ணை நம்பி விடப்பட்டிருந்தது.

ஹெலிகாப்டருக்கு ஏன் தனி நடைமுறை

விமான நிலையத்தில் ஹெலிகாப்டர் ஒரு தனிப் பிறவி. அதற்கு ஓடுபாதை தேவையில்லை, நினைத்த இடத்தில் நிற்கும், பக்கவாட்டில் நகரும். அதனால் கட்டுப்பாட்டுக் கோபுரங்கள் அதைத் தரையிறங்கும் விமானங்களின் வரிசையில் சேர்க்காமல் ஓரமாக அனுப்பவே பார்க்கும். தரைக்கு அருகே நகர்வதற்குக்கூடத் தனிச் சொற்கள் உண்டு. 25 அடிக்குக் கீழே 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்துக்கும் குறைவாக மெல்ல மிதந்து போனால் ஹோவர் டாக்ஸி. 100 அடிக்குக் கீழே அதைவிட வேகமாகப் போனால் ஏர் டாக்ஸி. இதெல்லாம் நிலைய வளாகத்துக்குள் நடப்பது, பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் வளாகத்துக்கு வெளியே, விமானங்கள் இறங்கும் பாதையை ஹெலிகாப்டர் கடக்கும் இடத்தில் தொடங்குகிறது. லண்டன் ஹீத்ரோவில் ஹெச்9 என்ற ஹெலிகாப்டர் பாதை விமான நிலையத்துக்குக் குறுக்கே போகிறது. அதன் இரு பக்கமும் காத்திருப்பு இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. கட்டுப்பாட்டாளர் காத்திரு என்றால் ஹெலிகாப்டர் அங்கே வட்டமிட்டுக் காத்திருக்கும், இடைவெளி கிடைத்து அனுமதி வந்ததும் கடக்கும். ஒரே இடத்தை இருவரும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வேறு வேறு நேரத்தில்.

பொட்டோமாக் ஆற்றின் மேல் அப்படி இருக்கவில்லை. ஹெலிகாப்டர் பாதை 1 வடமேற்கிலிருந்து ஆற்றோடு வந்து ஹெயின்ஸ் பாயிண்ட் அருகே பாதை 4-ஆகத் தொடர்ந்தது. பாதை 4 விமான நிலையத்துக்கு எதிர்க்கரையை ஒட்டி வுட்ரோ வில்சன் பாலத்தை நோக்கிப் போனது. நிலையத்துக்கு அருகே உயர வரம்பு 200 அடி, அதற்கு மேல் ஏறக்கூடாது என்பது விதியாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ராணுவத் தளங்கள், பென்டகன், வெள்ளை மாளிகை, மருத்துவமனைகள் எல்லாம் இருப்பதால் நாள் முழுக்க ஹெலிகாப்டர் நடமாட்டம். பிரதான ஓடுபாதை 1-ல் இறங்கும் விமானங்கள் ஆற்றின் மேல் வடக்கு நோக்கி நேராக வரும். ஓடுபாதை 33-க்கு வருபவையோ கிழக்கே விலகிப் போய், இடப்பக்கம் திரும்பி, ஆற்றைக் குறுக்காகக் கடக்கும். கடக்கும் இடத்துக்கு அடியில்தான் பாதை 4 போனது.

எழுபத்தைந்து அடி

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, விபத்து நடந்து ஆறு வாரத்தில், 2025 மார்ச் 11 அன்று முதற்கட்ட அறிக்கையையும் அவசரப் பரிந்துரைகளையும் வெளியிட்டது. என் கண்ணை நிறுத்திய எண் அதில்தான் இருந்தது. ஹெலிகாப்டர் கிழக்குக் கரைக்கு நேர் மேலே, சரியாக 200 அடியில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதை 33-க்கு வரும் விமானமும் வழிகாட்டி விளக்குகள் காட்டும் சரிவில் பிசகாமல் இறங்குகிறது. அப்போது இரண்டுக்கும் நடுவே இருப்பது 75 அடி. எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் கிடைப்பது அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று டிகிரிச் சரிவில் 75 அடி இறங்க விமானத்துக்குச் சுமார் 1,400 அடி தூரம் போதும். அதாவது ஹெலிகாப்டர் கரையை விட்டு 1,400 அடி ஓடுபாதைப் பக்கம் நகர்ந்தால், உயர வரம்பை மீறாமலேயே இடைவெளி பூஜ்யம். அப்படியானால் ஹெலிகாப்டர் கரையை ஒட்டியே பறக்க வேண்டும் என்று எல்லை போட்டிருந்தார்களா? இல்லை. பாதைக்குப் பக்கவாட்டு எல்லை வரையறுக்கப்படவில்லை. வரைபடத்தில் கோடு மட்டும்தான்.

அடுத்தது உயரமானி. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் இந்தக் கருவி, அடிக்கணக்கில் துல்லியமாகச் சொல்வதற்கானது இல்லை. பறக்கும் முன் நிலையத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு, 75 அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அமெரிக்க விமானிகளுக்கான பொது வழிகாட்டுதல். கருவிக்கு நாம் மன்னிக்கிற பிழை எவ்வளவோ, அவ்வளவுதான் மொத்த இடைவெளியும்! அதே படைப்பிரிவின் மூன்று பிளாக் ஹாக்குகளைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, உயரமானிகள் உண்மையான உயரத்தைவிட 80 முதல் 130 அடி வரை குறைவாகக் காட்டியது 2025 கோடையில் நடந்த பொது விசாரணையில் வெளிவந்தது. மோதலின்போது ஹெலிகாப்டர் ரேடியோ அலை உயரமானியின்படி 278 அடியில் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் பார்த்த காற்றழுத்தக் கருவி அதைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டியிருக்கலாம். மோதுவதற்கு நான்கு நிமிடம் முன்பு ஒரு விமானி 300 அடி என்றும் மற்றவர் 400 அடி என்றும் சொன்னது குரல் பதிவில் இருக்கிறது.

200 அடி என்று வரைபடத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறவர் அதை ஒரு வேலி என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த எண் விமானத்திலிருந்து ஹெலிகாப்டரைப் பிரித்து வைப்பதற்காகக் கணக்கிட்டுப் போட்டது அல்ல.

அப்படியானால் எது பிரித்து வைத்தது?

அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பி வகுப்பு வான்வெளியில் விதி தெளிவாகவே இருக்கிறது. கண்பார்வை விதிகளின்படி பறக்கும் ஹெலிகாப்டருக்கும் ஜெட் விமானத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.5 மைல் இருக்க வேண்டும். அல்லது உயரத்தில் 500 அடி. இரண்டும் இல்லையென்றால் மூன்றாவது வழி விஷுவல் செப்பரேஷன். "அந்த விமானம் என் கண்ணுக்குத் தெரிகிறது, நானே விலகிப் போகிறேன்" என்று விமானி சொல்ல, கட்டுப்பாட்டாளர் சம்மதிப்பது. சம்மதித்த கணத்தில் மைல் கணக்கும் அடிக் கணக்கும் போய்விடும், விலகும் பொறுப்பு விமானியிடம் வந்துவிடும்.

75 அடி இடைவெளியுள்ள இடத்தில் முதல் இரண்டு வழிக்கும் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாதை 4-ல் ஹெலிகாப்டர் ஓட வேண்டுமென்றால் மூன்றாவது வழிதான். விதிவிலக்காக இருக்க வேண்டிய ஒன்று அங்கே அன்றாட வழக்கமாகிவிட்டது. கோபுரத்தில் இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. போக்குவரத்தை நகர்த்த அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவி அது ஒன்றுதான்.

அந்த இரவில் நடந்தது

5342 கோபுரத்தை அழைத்தபோது மணி ஏறக்குறைய 8:43. ஓடுபாதை 1-க்கு வந்துகொண்டிருந்த அதனிடம், 33-க்கு மாற முடியுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். வரிசையைச் சமாளிக்க அங்கே வழக்கமாகக் கேட்பதுதான். விமானிகள் ஒத்துக்கொண்டார்கள். ஓடுபாதை 33 சுமார் 5,200 அடிதான், பிரதான ஓடுபாதையைவிட ஏறக்குறைய 2,000 அடி குட்டை. அதில் இறங்கக் கவனம் முழுதும் முன்னால் இருக்க வேண்டும்.

அன்று மாலை கோபுரத்தில், ஹெலிகாப்டர்களைக் கவனிக்கும் இருக்கையும் விமானங்களைக் கவனிக்கும் இருக்கையும் ஒன்றாக்கப்பட்டிருந்தன. வழக்கமாக இரவு 9:30 வரை தனித்தனியாக இருக்க வேண்டியவை. ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு அலைவரிசையிலும் பேசினார். அவர் பேசுவது இரு தரப்புக்கும் கேட்கும், ஆனால் ஹெலிகாப்டர் பேசுவது விமானத்துக்கும் விமானம் பேசுவது ஹெலிகாப்டருக்கும் கேட்காது. இதன் விளைவைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. ஓர் ஓடுபாதையைச் சுற்றிப் பறப்பவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் ஒட்டுக்கேட்டுத்தான் மனதில் படம் வரைந்துகொள்கிறார்கள். அந்தப் படம் இருவருக்கும் பாதிதான் கிடைத்தது.

பிளாக் ஹாக்கின் அழைப்புக் குறி பாட் 25. ஃபோர்ட் பெல்வாரில் இருக்கும் படைப்பிரிவைச் சேர்ந்தது. விமானி ஒருவருக்கு ஆண்டுத் தேர்வு, இரவுப் பார்வைக் கண்ணாடியோடு பறக்கும் சோதனை. மற்றவர் அதை நடத்திய பயிற்றுநர். பாதை 1 வழியாக வந்து பாதை 4-ல் தெற்கே போய்த் தளம் திரும்புவது திட்டம்.

8:46:02-க்குக் கட்டுப்பாட்டாளர் முதல் எச்சரிக்கையைச் சொன்னார். வில்சன் பாலத்துக்குத் தெற்கே 1,200 அடியில் ஒரு சிஆர்ஜே, ஓடுபாதை 33-க்குச் சுற்றி வருகிறது என்பது செய்தி. இதில் "சுற்றி வருகிறது" என்ற சொல் ஹெலிகாப்டரின் குரல் பதிவில் இல்லை. அது கேட்டிருந்தால், விமானம் நேராக ஓடுபாதை 1-க்குப் போகாமல் தங்கள் பாதைக்குக் குறுக்கே வரப்போகிறது என்று புரிந்திருக்கும். தெரிகிறது, விலகிக்கொள்கிறோம் என்று அவர்கள் உடனே சொன்னார்கள், அனுமதியும் கிடைத்தது. பல மைல்களுக்கு அப்பால், இரவில், நகர வெளிச்சத்தின் நடுவே, ஒரே வரிசையில் இறங்கிவரும் பல விளக்குகளில் எது தாங்கள் விலக வேண்டிய விமானம்? அவர்கள் பார்த்தது எந்த விளக்கு என்பதை இனி யாராலும் கேட்டறிய முடியாது. இரவுப் பார்வைக் கண்ணாடி காட்டுவது சுமார் 40 டிகிரி அகலம்தான், தலையைத் திருப்பாமல் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில் விதியின் இன்னொரு வரியைச் சொல்ல வேண்டும். விஷுவல் செப்பரேஷன் கொடுத்தபின் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் திசையில் இருந்தால், மற்ற விமானத்துக்கும் சொல்ல வேண்டும்: இன்ன இடத்தில் ஒரு ஹெலிகாப்டர், அது உங்களைப் பார்த்து விலகப்போகிறது என்று. 5342-க்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை.

8:47:39. கோபுரத்தில் மோதல் எச்சரிக்கை ஒலி கேட்கத் தொடங்கிவிட்டது. சிஆர்ஜே தெரிகிறதா என்று கட்டுப்பாட்டாளர் பாட் 25-ஐக் கேட்டார். ஏறக்குறைய அதே விநாடியில் விமானத்தில் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டிகாஸ் கருவி "டிராஃபிக், டிராஃபிக்" என்றது. ஏறு, இறங்கு என்று கட்டளையிடும் அடுத்த கட்டத்துக்கு அந்தக் கருவி போகாது, சுமார் 1,000 அடிக்குக் கீழே அந்தக் கட்டளைகள் முடக்கப்பட்டிருக்கும். தரைக்கு அருகே இறங்கு என்று சொல்வது ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். சரியான காரணம்தான். ஆனால் கடைசி அரண் இல்லாத உயரத்தில்தான் பாதை 4 ஓடியது.

8:47:42. சிஆர்ஜேயின் பின்னால் கடந்து போ என்று உத்தரவு. அந்தக் கணத்தில் ஹெலிகாப்டரின் மைக் 0.8 விநாடி அழுத்தப்பட்டிருந்தது. ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டே கேட்க முடியாதே, "பின்னால் கடந்து" என்ற பகுதி அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். இரண்டு விநாடி கழித்து, தெரிகிறது, விலகிக்கொள்கிறோம் என்று மீண்டும் பதில். கோபுரம் நம்மை இடப்பக்கம், கிழக்குக் கரையை நோக்கி நகரச் சொல்கிறது என்று நினைப்பதாகப் பயிற்றுநர் தன் சக விமானியிடம் சொன்னார். அதற்கப்புறம் பதினைந்து விநாடி இருந்தது. விமானத்தின் பதிவுக் கருவி கடைசியாகக் காட்டுவது, மூக்கை மேலே தூக்க விமானிகள் ஏறக்குறைய முழு மூச்சாக இழுத்ததை. மோதலுக்கு ஒரு விநாடி முன்பு அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

முன்பே தெரிந்திருந்தது

என்டிஎஸ்பி 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரையிலான பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அந்த நிலையத்தில் 9,44,179 பயணிகள் விமான இயக்கங்கள். அவற்றில் 15,214 முறை விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு மைலுக்குள்ளும் உயரத்தில் 400 அடிக்குள்ளும் நெருங்கியிருக்கின்றன. நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை என்று கணக்கு வருகிறது. 85 முறை இன்னும் மோசம்: பக்கவாட்டில் 1,500 அடிக்குள், உயரத்தில் 200 அடிக்குள். அது மாதத்துக்கு இரண்டுக்கும் மேல். 2011 முதல் 2024 வரை மாதம் ஒரு முறையாவது ஹெலிகாப்டர் காரணமாக ஒரு விமானத்தின் டிகாஸ் தப்பித்துக்கொள்ளக் கட்டளை கொடுத்திருக்கிறது.

இந்த எண்கள் எல்லாம் விபத்துக்குப் பிறகு புதிதாக அளந்தவை அல்ல, ஏற்கெனவே சேகரித்து வைத்திருந்த தரவிலிருந்து எடுத்தவை. அமெரிக்காவின் வான்போக்குவரத்தை நடத்தும் கூட்டமைப்பு விமான நிர்வாகம் என்ற எஃப்ஏஏவின் கையில் இருந்தவை. வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி முதற்கட்ட அறிக்கை வெளியான அன்று வெளிப்படையாகக் கோபப்பட்டார். எனக்கும் அந்த இடத்தில் கோபம்தான் வந்தது. நாளுக்குப் பன்னிரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை என்பதை, ஒன்றும் ஆகாது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கோபுரத்தில் வேலை செய்தவர்களே பாதையைப் பற்றிக் கவலை தெரிவித்து, ஆபத்தான இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்லியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. அது ஏற்கப்படவில்லை.

ஏடிஎஸ்-பி பற்றியும் ஒரு வார்த்தை. தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் ஒளிபரப்பும் இந்தக் கருவி வழியே பிளாக் ஹாக் அன்று எதையும் அனுப்பவில்லை. ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்ததால் கோபுரத்தின் திரையில் அது தெரிந்தது, ஆகவே இதுதான் காரணம் என்று சொல்வது சரியாகாது. மற்றவரின் ஒளிபரப்பைப் பெற்று விமானிக்குக் காட்டும் கருவியை விமானங்களில் பொருத்தச் சொல்லி என்டிஎஸ்பி பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது. இருவரிடமும் அது இருந்து, இருவரும் ஒளிபரப்பியிருந்தால், எச்சரிக்கை இன்னும் முன்கூட்டியே வந்திருக்கும்.

காரணம் என்று வாரியம் சொன்னது

2026 ஜனவரி 27 அன்று என்டிஎஸ்பி தன் முடிவை அறிவித்தது. வரிசையைப் பாருங்கள். முதலில் வந்தது, இறங்கு பாதைக்கு அவ்வளவு அருகே ஹெலிகாப்டர் பாதையை வைத்த எஃப்ஏஏவின் செயல். அப்புறம் பாதைகளை அவ்வப்போது மறுபரிசீலனை செய்யாதது, ஆபத்தைக் குறைக்கச் சொன்ன பரிந்துரைகளைக் கண்டுகொள்ளாதது, கண் பார்வையின் எல்லைகளை நினைக்காமல் விஷுவல் செப்பரேஷனை அளவுக்கு மீறி நம்பியது. ஒன்றாக்கப்பட்ட இருக்கையின் வேலைச் சுமையில் கோபுரம் நிலைமையின் மீதான பிடியை இழந்ததும், இரு தரப்புக்கும் உரிய எச்சரிக்கை போகாததும், ஹெலிகாப்டர் குழு சரியாக விலகாததும், உயரமானியின் பிழையைப் பற்றி ராணுவம் தன் விமானிகளுக்குத் தெரியப்படுத்தாததும் கூடவே சொல்லப்பட்டன.

2009 ஆகஸ்ட் 8 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றின் மேல் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் சிறிய விமானமும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பின் எஃப்ஏஏ அங்கே யார் எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எந்த இடத்தில் தன் இருப்பைச் சொல்ல வேண்டும் என்று கட்டாய விதி போட்டது. ஆற்றின் மேல் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும் என்ற பாடம் அப்போதே கைக்கு வந்துவிட்டது. அதே நாட்டில், இன்னொரு ஆற்றின் மேல், பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் அது போய்ச் சேரவில்லை.

பிறகு மாறியவை

ஹெயின்ஸ் பாயிண்டுக்கும் வில்சன் பாலத்துக்கும் இடைப்பட்ட பாதை 4, 2025 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது. 15/33 ஓடுபாதையில் (33-ன் மறுமுனையின் எண்தான் 15) விமானம் இயங்கும்போது அந்தப் பகுதியில் ஹெலிகாப்டர் கூடாது என்பதுதான் என்டிஎஸ்பி கேட்டது. எஃப்ஏஏ அதற்கும் மேலே போனது. நிலையத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் ஹெலிகாப்டருக்கும் விமானத்துக்கும் இடையே விஷுவல் செப்பரேஷன் நிறுத்தப்பட்டது. அவசரப் பணிக்காக ஹெலிகாப்டர் வர வேண்டுமானால் அந்த ஓடுபாதை இயங்காது. முன்பு 75 அடியை நம்பிய இடத்தில் இப்போது நேரத்தால் பிரிக்கிறார்கள்.

ஆனால் 2025 மே 1 அன்று பென்டகனில் இறங்க வந்த ஒரு ராணுவ பிளாக் ஹாக்கால், இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பயணிகள் விமானங்கள் மீண்டும் மேலே ஏறிச் சுற்ற வேண்டியதாயிற்று. ராணுவம் பென்டகனுக்கான ஹெலிகாப்டர் பயணங்களை நிறுத்தி வைத்தது. கோபுரத்துக்கும் பென்டகன் ஹெலிகாப்டர் தளத்துக்கும் நடுவே இதற்காகவே ஒரு நேரடித் தொலைபேசி இணைப்பு இருந்தது. அது 2022 மார்ச்சிலிருந்து வேலை செய்யவில்லை. மே 1-க்குப் பிறகுதான் தங்களுக்கே அது தெரியவந்ததாக எஃப்ஏஏ அதிகாரி செனட் குழுவின் முன் சொன்னார்.